மதியம் பட்ட தூசி, நள்ளிரவில் மூச்சிரைப்பு: நடுவில் ஒன்பது மணி நேரம் என்ன நடக்கிறது?

பரண்ஏறி (இழையைத் தொடங்கியவர்) | திங்கள் காலை 9.10

வணக்கம். ரொம்ப நாளா இங்கே படிச்சுட்டு மட்டும் போறவன். ஒரு விஷயம் மண்டையைக் குடையுது, அதான் எழுதறேன்.

சின்ன வயசுலேருந்து ஆஸ்துமா. நடுவுல பத்து வருஷம் இருக்கிற இடமே தெரியல, இப்போ ரெண்டு வருஷமா திரும்ப எட்டிப் பார்க்குது. நேத்து மதியம் 3 மணிக்கு பரண் மேல ஏறி பழைய தலையணை, போர்வை மூட்டை, புத்தகப் பெட்டி எல்லாம் இறக்கினேன். மூட்டையைப் பிரிச்சு உதறினதுதான் தாமதம். கால் மணி நேரத்துல அடுக்குத் தும்மல், கண்ணுல அரிப்பு, நெஞ்சைக் கட்டின மாதிரி இறுக்கம். நீல இன்ஹேலர் (அவசரத்துக்கு உடனே மூச்சைத் திறந்து விடறது) ரெண்டு பஃப் எடுத்தேன். 5 மணிக்கெல்லாம் ஆள் பழையபடி. குளிச்சேன், துணி மாத்தினேன், பையனோட விளையாடினேன், படுத்தேன்.

ராத்திரி 12.30-க்கு முழிப்பு. படுக்க முடியல. கட்டில் விளிம்புல உட்கார்ந்து முட்டியில கை ஊன்றிக்கிட்டு, நெஞ்சுக்குள்ள பூனைக்குட்டி கத்தற சத்தம். மறுபடி பஃப். கொஞ்சம் அடங்குச்சே தவிர முழுசா விடல. விடியற வரைக்கும் உட்கார்ந்தே இருந்தேன்.

பீக் ஃப்ளோ மீட்டர் வெச்சிருக்கேன். பலமா ஊதினா மூச்சு எவ்வளவு வேகமா வெளியே போகுதுன்னு எண்ணா காட்டும், எண் குறைஞ்சா குழாய் சுருங்கியிருக்குன்னு அர்த்தம். நல்லா இருக்கிற நாள்ல 430. நேத்து 3.30-க்கு 340, 5 மணிக்கு 425, ராத்திரி 1 மணிக்கு 270. இப்போ காலையில 330.

பரணைத் தொட்டு ஒன்பதரை மணி நேரம் ஆச்சு. படுக்கை அறையில தூசி இல்ல. அப்போ ராத்திரி வந்தது என்ன? வீட்ல "ஃபேன் காத்து ஆகல"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க.

குளிர்காத்து | 9.42

இதுல என்ன மர்மம் இருக்கு? ராத்திரின்னாலே ஆஸ்துமாக்காரனுக்கு ஏழரைதான். எனக்கு பரணும் இல்ல தூசியும் இல்ல, ஆனா வாரம் ஒருநாள் விடியக்காலை முழிப்பு உண்டு. வீட்ல சொன்னதுதான் சரி.

ஊதுகுழல் | 11.05

நான் மூச்சுப் பரிசோதனைக் கூடத்துல பதினோரு வருஷமா வேலை பார்க்கறவ. டாக்டர் இல்ல. "இன்னும் ஊதுங்க, இன்னும், இன்னும்"னு கத்தி எண் எடுத்துத் தர்ற ஆள்.

தம்பி, நீங்க எழுதின நாலு எண்ணையும் வரிசையா ஒரு தாள்ல புள்ளி வெச்சு கோடு போட்டுப் பாருங்க. முதல்ல ஒரு பள்ளம், அப்புறம் ஏத்தம், அப்புறம் அதைவிட ஆழமா இன்னொரு பள்ளம். பாடப்புத்தகத்துல இருக்கிற படமே இதுதான். முதல் பள்ளத்துக்கு உடனடி எதிர்வினைன்னு பேரு, ரெண்டாவதுக்கு தாமத எதிர்வினை. ரெண்டுக்கும் காரணம் அந்த ஒரே மூட்டைதான். ராத்திரி புதுசா எதுவும் உங்க மூக்குக்குள்ள போகணும்னு அவசியமே இல்ல.

நான் முன்னாடி இருந்த இடத்துல ஆராய்ச்சிக்காக ஒரு சோதனை செய்வோம். ஒவ்வாமைப் பொருளை ரொம்பக் கம்மியா, அளந்து, ஆவியாக்கி உள்ளே இழுக்கச் சொல்வோம். பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை ஊதச் சொல்லி எண் குறிப்போம். கால் மணி, அரை மணி நேரத்துல எண் கீழே வரும். ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல தானா மேல ஏறிடும். "முடிஞ்சுதா, கிளம்பலாமா?"ன்னு கேப்பாங்க. விட மாட்டோம். மணிக்கு ஒருதடவை ஊதிக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருக்கணும். ஏன்னா மூணு நாலு மணி நேரம் கழிச்சு ரெண்டாவது பள்ளம் தொடங்கும். ஆறுலேருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள்ள அதோட அடிமட்டம். சிலருக்கு ஒரு நாள் பூரா இழுக்கும். எல்லாருக்கும் வராது. உடனடி எதிர்வினை வர்ற பெரியவங்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் ரெண்டாவது வரும். நீங்க அந்தப் பாதியில இருக்கீங்க.

உள்ளே நடக்கிறது இதுதான். ஒவ்வாமை உள்ளவங்க உடம்பு அந்தப் பொருளுக்குன்னே ஐஜிஇ-ன்னு ஒரு எதிர்ப்புரதம் செஞ்சு வெச்சிருக்கும். மூச்சுக்குழாய்ச் சுவர்ல இருக்கிற மாஸ்ட் செல்கள் மேல அது ஆயிரக்கணக்குல ஒட்டிக்கிட்டுக் காத்திருக்கும். தூசியில இருக்கிற புரதம் வந்து பக்கத்துப் பக்கத்து ஐஜிஇ ரெண்டைச் சேர்த்துப் பிடிச்சா போதும், செல் உள்ளே சேர்த்து வெச்ச ஹிஸ்டமினைக் கொட்டிடும். சில நிமிஷத்துல லூக்கோட்ரையீன், ப்ராஸ்டகிளாண்டின்னு புதுசாவும் செஞ்சு விடும். குழாயைச் சுத்தி இருக்கிற தசை இறுகிடும். உங்க 3.30 மணி 340 அதுதான்.

அதே நேரத்துல ஆள் கூப்பிடற வேலையும் நடக்குது. ரத்தத்துல இருக்கிற ஈசினோஃபில், டி செல்னு சில வகை வெள்ளை அணுக்களுக்கெல்லாம் ரசாயனத் தகவல் போகும். அதுங்க ரத்தக்குழாயை விட்டு இறங்கி, சுவருக்குள்ள நுழைஞ்சு, வேலையை ஆரம்பிக்க மணிக்கணக்கு ஆகும். வந்ததும் சுவர் வீங்கும், கோழை சுரக்கும், தசையும் மறுபடி இறுகும். அதுதான் 270.

நீல இன்ஹேலர் தசையைத் தளர்த்தும், வீக்கத்தைத் தொடாது. 5 மணிக்கு 425 வந்ததும் நீங்க ஓஞ்சுபோச்சுன்னு நினைச்சீங்க. அந்த நேரத்துலதான் அடுத்த கூட்டம் வந்து சேர்ந்துக்கிட்டு இருந்துச்சு.

பரண்ஏறி | 11.31

அக்கா, படிச்சுட்டு அப்படியே உட்கார்ந்துட்டேன். இத்தனை வருஷம் ராத்திரி வந்ததுக்கெல்லாம் ராத்திரி என்ன பண்ணினோம்னுதான் தேடியிருக்கேன். ஜன்னல் திறந்திருந்துச்சா, தண்ணி குடிச்சோமா இப்படி.

ஒரு சந்தேகம். அப்போ 1 மணிக்கு மூச்சை உள்ளே இழுக்கவே முடியல. குழாய் சுருங்கினா உள்ளேயும் வெளியேயும் ஒரே மாதிரிதானே கஷ்டம் இருக்கணும்?

ஊதுகுழல் | 12.20

நல்ல கேள்வி. எல்லாரும் "இழுக்க முடியல"ன்னுதான் சொல்வாங்க. உண்மையில வெளியேதான் போகாது.

மூச்சு நல்லா இருக்கும்போது ஒண்ணு செஞ்சு பாருங்க. (இன்னிக்கு வேணாம், நாலு நாள் கழிச்சு.) நெஞ்சு நிறைய மூச்சை இழுங்க. அதுல கால்வாசி மட்டும் வெளியே விடுங்க. அது மேலேயே மறுபடி இழுங்க. மறுபடி கால்வாசி விடுங்க. நாலு தடவை செஞ்சதும் தோள் தூக்கிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், "உள்ளே போகலையே"ன்னு பதறும். உள்ளே இடமே இல்ல, ஏற்கெனவே நிரம்பி இருக்கு.

மூச்சை விடும்போது நெஞ்சு சுருங்கறதால குழாய்களும் இயல்பாவே கொஞ்சம் ஒடுங்கும். ஏற்கெனவே வீங்கின குழாய்னா அந்தக் கொஞ்சமே மூடிடும். காத்து பின்னாடி மாட்டிக்கும். விசில் சத்தம் வெளி மூச்சுல அதிகமா கேக்கிறது இதனாலதான். சீரா ஓடற காத்துக்கு, குழாயோட ஆரம் பாதியானா தடை பதினாறு மடங்கு ஆகும். ரெண்டு மடங்கு இல்ல, பதினாறு. ஒரு மெல்லிசு வீக்கம் ஏன் இவ்வளவு ஆட்டி வைக்குதுன்னு இதுல புரியும்.

குளிர்காத்து | 12.48

அக்கா சொல்றது அழகாத்தான் இருக்கு. ஆனா எனக்கு தூசியே படாம ராத்திரி வருதே, அதுக்கு என்ன பதில்?

ஊதுகுழல் | 13.15

நீங்க சொல்றதும் பாதி சரி. நுரையீரலுக்கும் பகல் இரவு உண்டு. விடியக்காலை 4 மணி வாக்குல மூச்சுக்குழாய் எல்லா மனுஷருக்குமே கொஞ்சம் ஒடுங்கும். ஆஸ்துமா இருந்தா அந்தக் கொஞ்சம் பெரிசாகும். பரண்ஏறி தம்பிக்கு ரெண்டும் ஒரே ராத்திரி சேர்ந்துக்கிச்சு.

ஆனா "தூசியே படல"ன்னு எப்படிச் சொல்றீங்க? தலையணை எத்தனை வருஷம் ஆச்சு?

குளிர்காத்து | 13.19

...ஏழு.

பழைய_நெஞ்சு | 16.02

நாற்பத்திரண்டு ஆண்டு ஆஸ்துமா, முப்பது ஆண்டு அறிவியல் வாத்தியார் வேலை. இரண்டிலிருந்தும் ஓய்வு கேட்டேன், ஒன்றுதான் விட்டது.

தலையணைப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். வீட்டுத் தூசி சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பது வெகுகாலமாகத் தெரியும். தூசியில் எது என்பதுதான் தெரியாமல் இருந்தது. 1960-களில் நெதர்லாந்தின் லெய்டனில் ஃபூர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா குழுவினர்தான் அது தூசிப்பூச்சி என்று காட்டினார்கள். பூச்சி என்று பெயரே தவிர எட்டுக் கால், சிலந்தி வகையறா. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கடிக்காது, கொட்டாது. நம் தோலிலிருந்து உதிரும் செதிளைத் தின்று வாழும்.

சிக்கல் அதன் எச்சத்தில். ஒவ்வொரு உருண்டையும் சுமார் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதற்குள் அந்தப் பூச்சியின் செரிமான நொதி இருக்கிறது. புரதத்தை வெட்டுவதுதான் அந்த நொதியின் தொழில். நம் மூச்சுக்குழாயில் படிந்தாலும் அதே தொழிலைத்தான் செய்யும். உள்தோலில் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே உள்ள இணைப்பை அறுத்து, தானே வழி உண்டாக்கிக்கொண்டு உள்ளே போகும். இத்தனை வருடம் பாடம் நடத்தியும் இதைப் படித்த அன்று எனக்கு உடம்பு கூசியது.

உருண்டை கனமானது, காற்றில் அதிக நேரம் மிதக்காது. உதறினால் எழும், அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் படிந்துவிடும். ஆகவே அறைக் காற்றைவிட, மூக்கை எட்டு மணி நேரம் புதைத்துக்கொள்ளும் தலையணைதான் முதல் சந்தேகம். தம்பி பரணில் உதறியது ஒரே தடவையில் பெரிய கவளம். குளிர்காத்து தம்பி இரவுதோறும் சிறுகச் சிறுக உண்கிறார்.

மாத்திரைப்பெட்டி | 16.40

இவ்வளவு விளக்கம் எதுக்கு? தும்மல் வந்ததும் ஒரு அலர்ஜி மாத்திரை போட்டுட்டா முடிஞ்சுது. நான் அப்படித்தான்.

பழைய_நெஞ்சு | 17.25

மூக்குக்கும் கண்ணுக்கும் முடியும். நெஞ்சுக்கு முடியாது. அந்த மாத்திரை ஹிஸ்டமினைத் தடுப்பது. ஆஸ்துமாவில் ஹிஸ்டமின் சின்னத் திருடன்.

இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1938-ல் ஃபெல்ட்பெர்க், கெல்லவே என்ற இருவர் ஆஸ்திரேலியாவில் நாகப்பாம்பு விஷத்தை விலங்கின் நுரையீரல் வழியே செலுத்திப் பார்த்தார்கள். வெளியே வந்த திரவம் தசையைச் சுருக்கியது. ஆனால் ஹிஸ்டமின் மாதிரி சட்டென்று சுருக்கிச் சட்டென்று விடவில்லை. மெல்லத் தொடங்கி நெடுநேரம் பிடித்துக்கொண்டது. என்னவென்று தெரியாததால் "மெல்ல வினைபுரியும் பொருள்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நாற்பது ஆண்டு அந்தப் பெயரிலேயே ஓடியது. 1979-ல் ஸ்வீடனின் சாமுவேல்சன் குழு அதன் வேதியமைப்பைக் கண்டு சொன்னது. அதுதான் லூக்கோட்ரையீன். மூச்சுக்குழாயைச் சுருக்குவதில் அது ஹிஸ்டமினைவிடப் பல நூறு மடங்கு வீரியம். சாமுவேல்சனுக்கு 1982-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது, பெரும்பாலும் ப்ராஸ்டகிளாண்டின் வேலைக்காக.

லூக்கோட்ரையீனைத் தடுக்க மான்டெலுகாஸ்ட் மாத்திரை உண்டு. டாக்டர் எழுதினால் மட்டும். கெட்ட கனவு, மனச்சோர்வு மாதிரி மாற்றங்கள் வரலாம் என்று 2020-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெட்டி கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது.

பூனைக்காரி | செவ்வாய் காலை 7.50

எனக்கும் ஆஸ்துமா. வீட்ல பூனை இருக்கு. ஆறு வருஷமா கூடவே இருக்கு, மடியிலதான் தூக்கம். டாக்டர் பூனையைப் பத்திக் கேட்டாரு, "அது இருந்தா எனக்கு ஒண்ணும் ஆகாது சார்"னு சொல்லிட்டேன். பரண்ஏறி அண்ணாவுக்கு உதறினதும் வந்துச்சு. எனக்கு அப்படி எதுவுமே இல்ல. வருஷம் பூரா லேசா இறுக்கம் இருக்கும், அவ்வளவுதான். அப்போ பூனை காரணம் இல்லன்னு வெச்சுக்கலாமா?

ஊதுகுழல் | 10.12

இந்தக் கேள்விக்கு யாரும் விரும்பற பதில் என்கிட்ட இல்லம்மா.

பரண்ஏறிக்கு தெரிஞ்சதே, முன்னாடி தூசி இல்ல, பின்னாடி தூசி வந்துச்சுங்கிற வித்தியாசத்தாலதான். உங்களுக்கு அந்த "முன்னாடி"யே இல்லையே. ஆறு வருஷமா இருபத்துநாலு மணி நேரமும் பட்டுக்கிட்டே இருந்தா எதிர்வினை தனித்தனி பள்ளமா தெரியாது. கோடு மொத்தமா கீழே இறங்கி ஓடும். அதுதான் என் நார்மல்னு நாம நினைச்சுக்குவோம். வருஷம் பூரா லேசா இறுக்கம்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க.

பூனையோட சங்கதி தூசிப்பூச்சிக்கு நேர் எதிர். முடி இல்ல காரணம். பூனை எச்சில்லயும் தோல் சுரப்பியிலயும் வர்ற ஒரு புரதம். நக்கி நக்கி உடம்பெல்லாம் பூசிக்கும், காஞ்சு பொடியா உதிரும். அதுல ஒரு பங்கு 5 மைக்ரானைவிடச் சின்னது, மணிக்கணக்கா காத்துல மிதக்கும், நுரையீரலோட சின்னக் குழாய் வரைக்கும் போகும். துணியில ஒட்டிக்கிட்டு பூனையே இல்லாத வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேரும். பூனையை வேற வீட்டுக்கு அனுப்பினாலும் அந்தப் புரதம் வீட்டை விட்டுக் குறைய பல மாசம் ஆகும். ரெண்டு வாரம் அனுப்பிப் பார்த்து "ஒண்ணும் மாறல"ன்னு முடிவு கட்டறவங்க ஏமாந்து போறது இதனாலதான்.

நீங்க பூனையை நகர்த்த வேண்டாம். நீங்க நகருங்க. பூனை இல்லாத வீட்ல பத்து நாள் தங்கற வாய்ப்பு வந்தா, காலை மாலை பீக் ஃப்ளோ எழுதிட்டே வாங்க. அதுக்காக மருந்தை நிறுத்திடாதீங்க.

மெத்தைஉறை_ஏமாளி | 13.30

தூசிப்பூச்சி உள்ளே வராத உறைன்னு வாங்கி மெத்தை, தலையணை எல்லாத்துக்கும் மாட்டினேன். ஆறு மாசம். ஒரு மாத்தமும் இல்ல. திரும்பிப் படுத்தா பிளாஸ்டிக் பை மாதிரி சரசரன்னு சத்தம்தான் மிச்சம். இந்தத் தூசிப்பூச்சி கதையே விக்கிறவன் கட்டினதோன்னு தோணுது.

பழைய_நெஞ்சு | 15.10

கதை இல்லை. ஆனால் உங்கள் ஏமாற்றம் நியாயமானதே. 2003-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களை வைத்துச் செய்த ஆய்வில், வெறும் உறையால் பலன் இல்லை என்றுதான் வந்தது. 2017-ல் வெளியான ஆய்வு வேறு மாதிரி. தூசிப்பூச்சி ஒவ்வாமை உறுதியான குழந்தைகளை மட்டும் எடுத்தார்கள். போலி உறை மாட்டியவர்களில் 41.5 சதவீதம் பேர் ஒரு வருடத்தில் அவசர சிகிச்சைக்கு ஓட வேண்டியிருந்தது, நிஜ உறை மாட்டியவர்களில் 29.3 சதவீதம்.

என் கணிப்பு இது. உறை ஒன்றை மட்டும் மாட்டிவிட்டுத் திரைச்சீலை, தரைவிரிப்பு, துணிப் பொம்மை எல்லாவற்றையும் அப்படியே விட்டால் பூச்சிக்கு வீடு மாற்றம், அவ்வளவே. படுக்கைத் துணியை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தால் பூச்சி சாகும். அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சித்தான் பிழைக்கிறது. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் வற்றிவிடும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. உங்களுக்குத் தூசிப்பூச்சிதான் என்று சோதித்துப் பார்த்தீர்களா?

மெத்தைஉறை_ஏமாளி | 15.22

இல்ல ஐயா. விளம்பரத்துல பார்த்து நானே முடிவு பண்ணினதுதான்.

மாத்திரைப்பெட்டி | 15.24

😄 நான் மட்டும்தான் அப்படின்னு நினைச்சேன்.

மழைவாசம் | 18.05

மகரந்தம் பத்தி யாரும் பேசலையே. எனக்கு மழைக்கு முன்னாடி, இடி இடிக்கும்போது வருது. சொன்னா சிரிக்கிறாங்க.

ஊதுகுழல் | 19.40

சிரிக்கிறவங்ககிட்ட மெல்போர்னைச் சொல்லுங்க. 2016 நவம்பர் 21 சாயங்காலம் அங்கே ஒரு இடிமழை. சில மணி நேரத்துல ஆயிரக்கணக்கான பேர் மூச்சுத் திணறலோட மருத்துவமனைக்கு வந்தாங்க, ஆம்புலன்ஸ் போதல. பத்துப் பேர் இறந்தாங்க. வந்தவங்கள்ல நிறையப் பேருக்கு அதுக்கு முன்னாடி ஆஸ்துமான்னு யாரும் சொன்னதே இல்ல. மகரந்தத்தால மூக்கு ஒழுகறவங்கதான் அதிகம்.

ரைகிராஸ் புல்லோட மகரந்தத் துகள் முழுசா இருந்தா பெரிசு. மூக்கு, தொண்டையிலேயே தங்கிடும், தும்மலோட போயிடும். மழை மேகத்து ஈரத்துல அது ஊறி வெடிச்சா, உள்ளேருந்து நூத்துக்கணக்கான மாவுத் துணுக்குகள் சிதறும். ஒவ்வொண்ணும் மைக்ரான் அளவு. புயலுக்கு முன்னாடி வீசற காத்து அதைத் தரைமட்டத்துல அள்ளிக்கிட்டு வரும். மூக்கோட நின்ன பொருள் அன்னிக்கு நெஞ்சுக்குள்ள போச்சு.

வருஷா வருஷம் மூக்கு ஒழுகுது, நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லன்னு இருக்கறவங்களும் இதைப் படிச்சு வைங்க. மூக்கும் நுரையீரலும் ஒரே குழாயோட ரெண்டு முனை.

பரண்ஏறி | புதன் காலை 8.20

இன்னிக்கு மூணாவது நாள். எண் 360-லேயே நிக்குது. விசித்திரம் என்னன்னா, இத்தனை நாள் ஒண்ணும் பண்ணாத விஷயமெல்லாம் இப்போ குத்துது. ஆஃபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரர் சென்ட் வாசம், லிஃப்ட்ல புதுப் பெயின்ட், பையனோட சத்தமாச் சிரிச்சா இருமல். இதெல்லாமும் அலர்ஜியா?

ஊதுகுழல் | 9.55

இல்ல. சென்ட்டும் பெயின்ட்டும் எரிச்சலூட்டிகள். அதுக்கு ஐஜிஇ, மாஸ்ட் செல் தகராறு கிடையாது. வாசனைக்கு அலர்ஜின்னு பலபேர் சொல்றாங்க, பாதி நேரம் அது அலர்ஜியே இல்ல.

ஆனா ரெண்டுக்கும் ஒரு முடிச்சு இருக்கு. தாமத எதிர்வினை வந்துபோன குழாய், நாள்கணக்கா, சிலருக்கு வாரக்கணக்கா, தொட்டா சிணுங்கியா இருக்கும். புகை, குளிர்ந்த காத்து, சிரிப்பு, ஓட்டம்னு எது பட்டாலும் இறுகும். 1970-கள்லயே இதை அளந்து காட்டிட்டாங்க. ஞாயித்துக்கிழமை பரணுக்கு நீங்க இன்னும் தவணை கட்டிக்கிட்டு இருக்கீங்க, சென்ட்டுக்காரரைத் திட்டாதீங்க.

இதுக்கு மேல நான் பேசறது சரியில்ல, டாக்டரைப் பாருங்க. 430-ல 270-ன்னா அறுபத்துமூணு சதவீதம். தினமும் எடுக்கற தடுப்பு இன்ஹேலர் ஏதாவது இருக்கா?

பரண்ஏறி | 10.08

எழுதிக் கொடுத்தாங்க. ஸ்டீராய்டுன்னு சொன்னதும் பயந்து டிராயர்ல போட்டுட்டேன். நீலத்துலதான் ஓடுது.

இயற்கைவழி | 10.30

நல்ல வேலை செஞ்சீங்க நண்பரே. ஸ்டீராய்டு எலும்பை உருக்கும். எல்லா இன்ஹேலரையும் தூக்கிப் போட்டுட்டு ஆவி பிடியுங்க, மூச்சுப் பயிற்சி செய்யுங்க. உடம்பு தானே கத்துக்கும்.

நெறியாளர் | 10.41

இன்ஹேலரைத் தூக்கிப் போடச் சொல்லும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. மேலே உள்ளதை நீக்காமல் விடுகிறேன், கீழே வரும் பதில்களுக்காக. அடுத்த முறை நீக்கப்படும்.

பழைய_நெஞ்சு | 11.50

இயற்கைவழி, கோபிக்காமல் கேளுங்கள். என் இருபதுகளில் நானும் நீலத்தை மட்டும் நம்பினேன். அது கொடுத்ததும் மூச்சு வரும், ஆகவே அதுதான் மருந்து என்று தோன்றும். ஒரு நாள் தாள்கட்டு அடுக்கிவிட்டு இதே மாதிரி சாயங்காலம் சரியாகி, விடிகாலை ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். "தண்ணி" என்று சொல்லி நிறுத்தி, மூச்சு வாங்கி, "வேணும்" என்றேன். நெஞ்சில் விசில் கேட்கவில்லை என்று என் தம்பி நிம்மதிப்பட்டானாம். டாக்டர் பயந்ததே அதற்குத்தான். காற்றே போகாத குழாயில் விசில் எங்கிருந்து வரும்?

நீலம் மட்டும் எடுப்பவர்களுக்குத் தாமத எதிர்வினையில் காவல் கிடையாது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டுதான் அந்த இரண்டாவது கூட்டத்தை வரவிடாமல் செய்வது. தவறாமல் எடுத்து வந்தால் முதல் பள்ளமும் ஆழம் குறையும். ஆஸ்துமாவுக்கென்றே உள்ள ஜீனா என்ற உலகளாவிய நிபுணர் அமைப்பின் வழிகாட்டி 2019-லேயே பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீலம் மட்டும் போதாது என்று சொல்லிவிட்டது. அளவு மைக்ரோகிராமில். நீங்கள் பயப்படும் மாத்திரை மில்லிகிராமில். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால்தான் ஒரு மில்லிகிராம். வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் குரல் கரகரப்பும் குறையும். மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நானும் செய்கிறேன், பதற்றம் குறைகிறது. ஈசினோஃபிலுக்கு அது காது கேட்காது.

ஊதுகுழல் | 12.05

ஐயா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். வாக்கியம் முடிக்க முடியல, உதடு நீலம், நீல இன்ஹேலர் எடுத்தும் நிக்கல, இல்ல நாலு மணி நேரம்கூடத் தாங்காம மறுபடி தேவைப்படுதுன்னா இழையில எழுதிக்கிட்டு இருக்காதீங்க. எமர்ஜென்சிக்குப் போங்க. விடியட்டும்னு உட்கார்ந்து இருக்காதீங்க, பரண்ஏறி தம்பி, உங்களைத்தான்.

பரண்ஏறி | நான்கு வாரம் கழித்து

எல்லாருக்கும் கடன்பட்டிருக்கேன். போன கையோட டாக்டரைப் பார்த்தேன். தடுப்பு இன்ஹேலரை ஸ்பேசரோட (இன்ஹேலர் வாய்ல மாட்டற குடுவை மாதிரி குழாய்) எப்படி எடுக்கணும்னு கையில கொடுத்து மூணு தடவை எடுக்க வெச்சுப் பார்த்தாங்க. இத்தனை வருஷம் நான் நாக்குலதான் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன்.

தோல் குத்துப் பரிசோதனையும் ஆச்சு. அதுக்கு முன்னாடி சில நாள் அலர்ஜி மாத்திரை கூடாதுன்னாங்க. முன்கையில பேனாவால வரிசையா எண் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு சொட்டு, அதுமேல நுனியால ஒரு குத்து. வலி இல்ல. பதினஞ்சு நிமிஷம் சொறியக் கூடாது, அதுதான் தண்டனை. தூசிப்பூச்சிக்கு 8 மில்லிமீட்டர் தடிப்பு, கொசு கடிச்ச மாதிரி வெள்ளையா, சுத்தி செவப்பா. 3 மில்லிமீட்டருக்கு மேல இருந்தாலே பாசிட்டிவாம். கரப்பானுக்கு 4. "ஆனா தடிப்பு வந்தா அதுதான் காரணம்னு அர்த்தம் இல்ல, அது பட்டப்போ நெஞ்சு என்ன சொல்லுதுன்னும் சேர்த்துப் பார்க்கணும்"னு சொன்னாங்க. என்கிட்ட ஞாயித்துக்கிழமை எண்கள் இருந்துச்சு, காட்டினேன். அந்தத் தாளை அவங்க ஃபைல்ல வெச்சுக்கிட்டாங்க.

இப்போ காலையில 440. பரண்ல மிச்சம் இருந்ததை மச்சான் இறக்கினான், நான் வீட்லயே இல்ல.

குளிர்காத்து | அதே நாள்

தலையணை மாத்தினேன். டாக்டரையும் பார்த்தேன், தடுப்பு இன்ஹேலர் ஆரம்பிச்சாச்சு. ரெண்டும் ஒரே வாரம் செஞ்சதால எது வேலை செஞ்சதுன்னு தெரியல. மூணு வாரமா விடியக்காலை முழிப்பு ஒரே தடவை. ஃபேன் அப்படியேதான் ஓடுது, வீட்ல சொல்லிடுங்க.

பூனைக்காரி | மறுநாள் இரவு 10.15

அக்கா, நான் நகர்ந்தேன். என் கூடப் பிறந்த அக்கா வீட்ல பன்னிரண்டு நாள், பூனை இல்லாத வீடு. மருந்து எதையும் மாத்தல. இங்கே எப்பவும் 360, 365. அங்கே முதல் நாலு நாள் அதேதான். ஆறாவது நாள் 385. கடைசி மூணு நாள் 405, 410, 410. எனக்கு 410 வரும்னே தெரியாது.

திரும்பி வந்த சாயங்காலம் பூனை ஓடிவந்து கன்னத்துல முகத்தைத் தேய்ச்சுது. பத்து நிமிஷத்துல தும்மல், கண் அரிப்பு. ஆறு வருஷத்துல முதல் தடவை. ராத்திரி 2 மணிக்கு 335. அதுக்கப்புறம் தும்மல் நாலஞ்சு நாள்ல நின்னுடுச்சு. எண் மட்டும் மறுபடி 365-ல வந்து உட்கார்ந்துடுச்சு.

ஊதுகுழல் | 10.32

தும்மல் நின்னதை வெச்சு நெஞ்சும் பழகிடுச்சுன்னு நினைச்சுடாதீங்கம்மா. 365 இருக்கு பாருங்க. அந்தத் தாளை டாக்டர்கிட்ட அப்படியே கொண்டு போங்க.

பூனைக்காரி | 10.50

அடுத்த வாரம் டெஸ்ட்டுக்குத் தேதி வாங்கிட்டேன். அதுவரைக்கும் படுக்கை அறைக்குள்ள விடறதில்லன்னு இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கேன். வெளியே கதவைப் பிராண்டிக்கிட்டு இருக்கு. அரை மணி நேரமா.